நமீபியா வேட்டைக்கு வாடகைத் துப்பாக்கி: .243, .308, .300 மேக்னம், எது எடுக்கறது?

ரிக்வண்டி (திருச்செங்கோடு)

வணக்கமுங்க. தம்பி ரிக் வேலையா நமீபியாவுல இருக்காப்ல. ஜூலையில அங்க ஒரு பண்ணையில அஞ்சு நாள் வேட்டைக்குப் பேசியாச்சு. ஸ்பிரிங்பக், ஓரிக்ஸ், குடு, வைல்டுபீஸ்ட்னு அங்கத்த மான் வகைக, அப்பறம் வரிக்குதிரை, வகைக்கு ஒண்ணு. கை கூடுனா ஈலண்டுங்கற பெரிய மான். இங்கிருந்து துப்பாக்கி கொண்டு போற வேலையே வேண்டாம்னு வாடகைக்குச் சொல்லிட்டேன். பண்ணைக்காரர்கிட்ட .243, .308, .300 வின்செஸ்டர் மேக்னம் மூணும் இருக்குதாம், எது வேணும்னு கேக்கறார்.

இதுவரைக்கும் கிளப்புல .22 மட்டுந்தான் சுட்டிருக்கேன். உசரம் அஞ்சடி நாலு அங்குலம், ஆளும் ஒல்லி. "மேக்னத்தை எடுத்துரு, எது வந்தாலும் சாயும்"னு ஒறம்பரைக்காரர் ஒருத்தர் சொல்றார். எந்தக் காலிபர் (இந்த .243, .308 நம்பரெல்லாம் அதுதான், சுமாரா குண்டோட தடிமன் அங்குலத்துல), எந்தக் குண்டு, இப்பருந்தே என்ன பழகோணும்? வெவரமாச் சொல்லுங்க.

நொய்யல்கரை

மொதல்ல சட்டத்தப் பாத்துருவோம், மூணுல ஒண்ணு அங்கயே கழிஞ்சுரும். மிருகத்துக்குத் தக்கன, பாரல் (துப்பாக்கிக் குழல்) வாயில குண்டுக்கு இருக்க வேண்டிய குறைஞ்ச சக்தியை நமீபியாவுல ஜூல் கணக்குல வெச்சிருக்காங்க. ஸ்பிரிங்பக்குக்கு 1350. ஹார்ட்டபீஸ்ட், வைல்டுபீஸ்ட், குடு, ஓரிக்ஸ், ஈலண்டுக்கு 2700. எருமை, யானைக்கு 5400.

கணக்கு நீங்களே போடலாம். குண்டு எடையைக் கிலோவுல வெச்சு, வேகத்தை மீட்டர்ல ரெண்டு தரம் பெருக்கி, பாதியாக்கோணும். ஒரு கிரெயின்ங்கறது 0.0648 கிராம்.

.243-ல 100 கிரெயின் குண்டு 6.48 கிராம், வேகம் நொடிக்கு 902 மீட்டர். வர்றது சுமார் 2640 ஜூல். அறுபது ஜூல் பத்தலை! ஸ்பிரிங்பக்குக்கு அது அருமையான துப்பாக்கி, ஆனா உங்க பட்டியல்ல மத்ததுக்கு ஆகாது.

.308-ல 180 கிரெயின், 799 மீட்டர்: 3720 ஜூல். .300 மேக்னத்துல அதே 180 கிரெயின் 902 மீட்டர்ல போகுது: 4740 ஜூல்.

ஆக சட்டத்துக்கு .308 தாராளம். சரி, அந்த ஆயிரம் ஜூல் கூட இருந்தா லாபந்தானேன்னு தோணும். அந்த ஆயிரத்துக்கு வெலை உங்க தோள்பட்டைதான் குடுக்கோணும். மூணரைக் கிலோ சொச்சம் எடையுள்ள துப்பாக்கியில .308-ஓட உதை 24 ஜூல் சுமாருக்கு வரும், .300 மேக்னம் 34-ஐத் தொடும். .22-ல இருந்து நேரா அதுக்குத் தாவுனா மூணாவது வெடியிலயே கண்ணு தானா மூடும், விரல் டிரிக்கரைப் பிடுங்கும். அப்பறம் எந்தக் காலிபரும் காப்பாத்தாது.

மேக்னத்தோட பெருமையே எட்டத்துலதான். அதையும் அளந்து பாருங்க. ரெண்டையும் 200 மீட்டருக்கு சீரோ பண்ணுனா, அதாவது அந்தத் தூரத்துல குறி வெச்ச எடத்துலயே குண்டு வுழுகற மாதிரி ஸ்கோப்பைத் திருகி வெச்சா, 300 மீட்டர்ல .308 கிட்டத்தட்ட 27 சென்டிமீட்டர் எறங்கும், மேக்னம் 20. வித்தியாசம் நாலு விரக்கடை. மொதத் தடவை போறவரு 300 மீட்டர்ல சுடவே கூடாது, அது வேற.

.308 எடுங்க. அவருகிட்ட .30-06 இருந்தா அதுவுஞ் செரி. 1906-ல வந்த காலிபர், .308-ஐ விட நொடிக்கு இருபத்தஞ்சு மீட்டர் சொச்சம் வேகம் கூட, அவ்வளவுதான்.

காங்கேயத்தான்

நொய்யல்கரை சொன்னதுல முக்கால்வாசி ஒத்துக்கறேன். ஈலண்டுல மட்டும் மாட்டேன். ஈலண்ட் கடா 700 கிலோவுக்கு மேல போகும், நம்ம காங்கயம் பூச்சிக்காளையை விடப் பெருசு. சட்டம் குடுவுக்கும் ஈலண்டுக்கும் ஒரே 2700-ன்னு வெச்சிருக்குதுங்கறதால ரெண்டும் ஒண்ணாயிராது. ஈலண்டைக் கண்டிப்பா அடிக்கோணும்னா .300 மேக்னம், இல்லாட்டி .375 ஹெச் அண்டு ஹெச். அது 1912-ல இருந்து ஆப்பிரிக்காவுல சோறு போடற காலிபர். .308-ஓட போனா ஈலண்டுக்கு நூறு மீட்டர் எல்லை வெச்சுக்கோங்க, அதுவும் நேர் பக்கவாட்டுல நின்னாத்தான்.

மத்ததெல்லாம் பாத்தீங்கன்னா, ஸ்பிரிங்பக் மாயாத்துப் பக்கம் திரியற வெளிமான் அளவு, நாப்பது கிலோ. குடு கடா நம்ம டாப்சிலிப் கடமான் எடைக்கு வரும். பாக்கத்தான் பெருசு, தோலும் எலும்பும் ஒண்ணும் பெரிய கெட்டியில்ல. கெட்டி உசுருன்னா வைல்டுபீஸ்டும் ஓரிக்ஸும். அதுலயும் வைல்டுபீஸ்ட் மோசமா வாங்குன வெடியோட கிலோமீட்டர் கணக்குல நடந்துரும்.

காலிபரை விட இதுதான் முக்கியம்: குறி எங்க வெக்கறது. அங்கத்த மிருகங்களுக்கு இருதயமும் நுரையீரலும் முன்னாடி தள்ளி, கீழ எறங்கி இருக்கும். ரெண்டு முன்னங்காலுக்கு நடுவுலன்னே வெச்சுக்கோங்க. படத்துல பாத்த மாதிரி தோளுக்குப் பின்னால வெச்சீங்கன்னா, கொஞ்சம் பிசகுனாலும் எரப்பையிலதான் போய் விழும். பக்கவாட்டுல நிக்கறப்ப முன்னங்கால் கோட்டுலயே நேரா மேல வாங்க, நெஞ்சடியில இருந்து ஒடம்பு உசரத்துல மூணுல ஒரு பங்குல நிறுத்துங்க. அவ்வளவுதான் குறி.

வைல்டுபீஸ்டுக்கு இன்னொரு ஏமாத்து இருக்குது. திமிலும் பிடரி மயிரும் சேர்ந்து ஒடம்பை மேல தூக்கிக் காட்டும். கண்ணு அந்த உசரத்துல பாதியைத் தேடும், குண்டு நுரையீரலுக்கு மேலால போயிரும். நெஞ்சடியில இருந்து அளங்க, முதுகுல இருந்து அளக்காதீங்க. ஓரிக்ஸும் அப்படித்தான், பொடனி தடிச்சு மேல எழும்பி நிக்கும். வரிக்குதிரைக்குக் கடவுளே குறி வரைஞ்சு வெச்சிருக்கார்: தோள்ல கோடுக சேர்ந்து முக்கோணமா வர்ற எடம்.

தோட்டாப்பெட்டி (பொள்ளாச்சி)

குண்டைப் பத்தி இன்னும் ஆரும் பேசலையே. சாதாரண சாஃப்ட் நோஸ்ல ஈயத்து மேல செம்பு உறை சும்மா கவ்வியிருக்கும், ஒட்டியிருக்காது. அது .308 வேகத்துக்குச் சமாளிச்சுக்கும். அதே குண்டு மேக்னத்துல இருந்து அறுபது மீட்டர்ல தோள் எலும்புல மோதுனா உறை தனியா ஈயம் தனியாச் சிதறி, மேலாப்புல பெரிய பள்ளத்தைப் பண்ணிட்டு உள்ள போகாது. மிருகம் ஓடிரும். "மேக்னத்துல அடிச்சும் வுழுகலை"ன்னு பேசறதுல பாதி இந்தக் கதைதான்.

அதனால பாண்டட் குண்டு கேளுங்க, ஈயமும் உறையும் ஒட்டவெச்சது. ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் அந்த வகை. நோஸ்லர் பார்ட்டிஷன் வேற மாதிரி: நடுவுல ஒரு தடுப்புச் சுவர், முன்பாதி விரிஞ்சாலும் பின்பாதி அப்படியே உள்ள போயிரும். பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் முழுக்கச் செம்பு, ஈயமே கெடையாது, எடை கொறையாம ஊடுருவும். .308-க்கு 165 இல்லாட்டி 180 கிரெயின். முழுச் செம்புன்னா 150-ஏ போதும், வேகமாப் போனாத்தான் அது மலரும்.

முன்னாடி நிக்கறதைத் தொளைச்சு வெளிய வர்ற குண்டு பின்னாடி நிக்கறதையும் தொளைக்கும், மறந்துறாதீங்க. கூட்டமா நிக்கறப்ப வெடி கூடாது. வெடியடிபட்டு ரத்தம் சிந்துன மிருகம் கெடைக்காமப் போனாலும் முழுக் காசு குடுக்கோணும், ரெண்டு மிருகத்துக்குன்னா ரெண்டு காசு.

அப்பறம் ஒரு வேண்டுகோள். தோட்டத்துக்குக் காட்டுப்பன்னி வருது, எந்தத் துப்பாக்கி நல்லதுன்னு இந்தத் திரிக்குள்ள ஆரும் கேக்காதீங்க. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இருக்குது, அது வனத்துறை பாடு.

மூங்கில்முக்காலி (சத்தியமங்கலம்)

பழக்கம் பத்திக் கேட்டிருந்தீங்க. அங்க படுத்துச் சுட எடம் வாய்க்காது, புல்லும் முள்ளும் மறைக்கும். வழிகாட்டி முன்னாடி முக்காலிக் குச்சியை நட்டுவாரு, அதுமேல துப்பாக்கியை வெச்சு நின்னுட்டே சுடோணும். நட்டதுல இருந்து மிருகம் பொறுக்கறது பத்து நொடி கெடைச்சா அதிர்ஷ்டம். கிளப்புல ஜாக்கெட்டும் ஸ்லிங்கும் மாட்டி மூச்சை அடக்கி நிதானமாச் சுடற பழக்கம் அங்க காலை வாரும்.

முக்காலியை வீட்டுலயே கட்டிக்கலாம். கட்டைவிரல் தடிமனுக்கு நேரான கல்மூங்கில் மூணு, ஆறடி நீளம். நுனியில இருந்து ஒரு சாண் கீழ மூணையும் சேர்த்து, பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு நாடாவாக் கிழிச்சு எட்டுப் போட்டுச் சுத்துங்க. நாலு சுத்து போதும். இறுக்கிக் கட்டுனா கால் விரியாது, தொளதொளன்னு விட்டா துப்பாக்கி எடைக்கே சரிஞ்சுரும். விரிச்சு வெச்சதும் மேல மூணு கொம்பு நிக்கும். ரெண்டு கொம்புக்கு நடுவுல துப்பாக்கி முன்கட்டை உக்காரோணும். பாரலை வெக்காதீங்க, குறி மாறும். உசரம் உங்க தோளுக்கு நாலு விரல் கீழ வர்ற மாதிரி காலை அகட்டிக்கோங்க. குனிஞ்சு சுட்டா தொடை நடுங்கும்.

இதுல .22-ஐ வெச்சு 50 மீட்டர்ல டம்ளர் வாய் அளவு வட்டம். துப்பாக்கி தோள்ல, முக்காலி கையில மடிச்சு; "செரி"ன்னதும் நட்டு, வெச்சு, எட்டு நொடிக்குள்ள ஒரு வெடி. பத்துக்கு ஒம்பது உள்ள வுழுந்தா அங்க 150 மீட்டர் உங்களுது.

வெடிச்சதும் தலையைத் தூக்கிப் பாக்காதீங்க. கன்னம் ஸ்டாக்குலயே (தோள்ல அணைக்கற கட்டை) இருக்க, போல்ட்டை (தோட்டா ஏத்தற கைப்பிடி) கடைசி வரைக்கும் இழுத்து அடுத்ததை ஏத்துங்க. அரைவாசி இழுத்தா காலித் தோட்டா வெளிய தள்ளாம, புதுசும் அதுவும் முட்டிக்கிட்டு நிக்கும். போலித் தோட்டா போட்டு வீட்டுல தெனம் இருபது தரம் போல்ட் இழுங்க. மிருகம் நின்னுட்டே இருந்தா ரெண்டாவது வெடி உடனே போகோணும்.

ரிக்வண்டி

எல்லாருக்கும் நன்றிங்க. பண்ணைக்காரர்கிட்டக் கேட்டுட்டேன். .308-ல சைலென்சர் மாட்டியிருக்குதாம், 165 கிரெயின் பாண்டட் குண்டு வெச்சிருக்காராம். மேக்னத்துல சைலென்சர் இல்ல, சாதா சாஃப்ட் நோஸ் 180-தானாம். எடம் பாதி முள்ளுக்காடு, பாதி வெட்டவெளி. சைலென்சர் நல்லதா, கழட்டச் சொல்லலாமா? நீளமா இருக்கும்னு பயம்.

நொய்யல்கரை

கழட்டாதீங்க. அவர் சைலென்சரோட சீரோ பண்ணியிருப்பார். கழட்டுனா பாரல் நுனியில எடை கொறைஞ்சு அதோட அதிர்வே மாறும், நூறு மீட்டர்லயே குண்டு வேற எடத்துல வுழுகும். மாட்டியே இருந்தா உதையும் கொறையும், சத்தமும் கொறையும், உங்களுக்கு ரெண்டுமே வேணும். நீளம் வண்டியில ஏறி எறங்கறப்ப மட்டுந்தான் தொல்லை. அது மரை ஏத்தி மாட்டறதுங்க, ஓட்டத்துல தானாவே தளரும். தெனம் காலையில வெள்ளெனே, கிளம்பறதுக்கு முன்னாடி, கையால திருகிப் பாத்துக்கோங்க. சுட்டதும் தொட்டா கை வெந்துரும்.

போன அன்னிக்கே 100 மீட்டர்ல மூணு வெடி போட்டுப் பாக்காம காட்டுக்குள்ள போகாதீங்க. 200-க்கு சீரோ பண்ணியிருந்தா 100-ல ஆறு ஏழு சென்டிமீட்டர் மேல வுழுகும், அது தப்பில்ல. மூணும் சிதறி வுழுந்தா ஸ்கோப் மவுன்ட் திருகாணியைப் பாக்கச் சொல்லுங்க. முள்ளுக்காட்டுக்குள்ள ஸ்கோப்பை நாலு மடங்கு பெருசாக் காட்டறதுலயே வைங்க. ஒம்பதுல வெச்சா அம்பது மீட்டர்ல தோல் மட்டுந்தான் தெரியும், தோள் எது தொடை எதுன்னே புரியாது.

காங்கேயத்தான்

சாதா குண்டு போட்ட மேக்னம்னா நானும் .308 பக்கமே வந்துட்டேன். ஈலண்டை நூறு மீட்டருக்குள்ள கெடைச்சாப் பாருங்க, இல்லாட்டி அந்தக் காசுல ரெண்டாவதா ஒரு ஓரிக்ஸ் பேசிக்கோங்க.

இன்னொண்ணு. அங்கத்து ஸ்டாக் ஆறடி ஆளுகளுக்குச் செஞ்சது. டிரிக்கர்ல விரலை வெச்சு ஸ்டாக்கை முன்னங்கையோட சேர்த்துப் பாருங்க. அடிக்கட்டை முழங்கை மடிப்பைத் தாண்டிப் பின்னால நின்னா உங்களுக்கு நீளம். கழுத்தை முன்னால நீட்டித்தான் ஸ்கோப்பைப் பாப்பீங்க, சுட்டதும் அதோட விளிம்பு புருவத்துல பிறை போட்டுரும். அடிக்கட்டையில ரப்பர் பேட் இருந்தா மெல்லிசா மாத்தித் தரச் சொல்லுங்க. ஜூலையில அங்க விடிகாலை நல்ல குளுரு, தடிச்ச ஜாக்கெட் போட்டா இன்னும் ஒரு விரல் நீளும். அதனால அளவு பாக்கறப்ப ஜாக்கெட்டோடயே பாருங்க.