புதுப்பிப்பு: எட்டுப் போடும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தால்

ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு பைக்கில் எட்டுப் போட அரை கிளட்ச் (லீவரைப் பாதி மட்டும் விட்டுப் பிடிப்பது), சீரான ஆக்சிலரேட்டர், பின் பிரேக்கில் லேசான அழுத்தம் என்று முன்பு எழுதியிருந்தேன். அப்படிச் செய்தும் வண்டி வெட்டுகிறது என்றார்கள் சிலர். கையைக் குறை சொல்வதற்கு முன் செயின் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், செயினின் கீழ்ப்பகுதி நடுவில் மேலும் கீழும் அசைத்து அளந்து பாருங்கள். பல சாலை பைக்குகளுக்கு மொத்த ஆட்டம் 25–35 மி.மீ.; உங்கள் கையேடு சொல்வதே இறுதி. செயின் ஒரே சீராகத் தேயாது. ஆகவே சக்கரத்தை உருட்டி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்யுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் தேயும், அது இன்னும் மோசம்.

கேபிள் கிளட்ச் என்றால் லீவர் முனையில் பொதுவாக 10–20 மி.மீ. ஆட்டம் (கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் லீவர் சும்மா அசையும் தூரம்) வேண்டும். அதிகமானால் கிளட்ச் முழுதாக விடாது. லீவரைப் பிடித்திருந்தும் வண்டி முன்னே தள்ளும்.

ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பும்போது ஐட்லிங் (ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறுகிறதா? ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது.