புளோரிடாவில் முன்னாள் படைவீரர் ஆசிரியராவது: இதைக் கையாண்டவர்கள் எழுதுங்கள்

ஃபைல்கட்டு:
2022இல் வந்த ஐந்தாண்டுத் தற்காலிகச் சான்றிதழைப் பற்றி இங்கே அடிக்கடி கேள்வி வருகிறது. சொந்தக் கதை வேண்டாம். எந்தக் காகிதம் எங்கே மாட்டிக்கொள்கிறது, வகுப்பில் எது உடைகிறது என்பதை மட்டும் எழுதுவோம். நான் விண்ணப்பத்திலிருந்து தொடங்குகிறேன்.

இளங்கலைப் பட்டம் இல்லாதவருக்கான வழி இது. 48 மாத முழுநேரப் படைப்பணி, கௌரவமான விடுவிப்பு அல்லது மருத்துவக் காரணத்தால் விடுவிப்பு, 60 கல்லூரி கிரெடிட், 4க்கு 2.5 கிரேடு சராசரி, பாடத் தேர்வில் தேர்ச்சி. இவற்றுக்குப் பிறகு ஒரு பள்ளி மாவட்டமோ சார்ட்டர் பள்ளியோ (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி) வேலைக்கு எடுத்து, கைரேகைச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். சான்றிதழ் ஒரே ஒரு முறைதான். புதுப்பிக்க முடியாது.

முதல் சிக்கல் டிடி-214 என்ற விடுவிப்புப் படிவம். இதற்குப் பல பிரதிகள் உண்டு. பலரும் வீட்டிலிருந்து எடுத்து வருவது ‘மெம்பர்-1’. அதில் விடுவிப்பின் தன்மை அச்சாகியிருக்காது. தேவைப்படுவது ‘மெம்பர்-4’. கட்டம் 12சி-யில் முழுநேரப் பணிக்காலமும் கட்டம் 24-இல் பணியின் தன்மையும் இருக்கும். முதலில் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். நேஷனல் கார்ட், ரிசர்வ் என்ற பகுதிநேரப் படைகளில் இருந்தவர்கள் பத்து வருடம் என்று சொல்வார்கள். மாதம் ஒரு வார இறுதி என்று போன பயிற்சி நாட்கள் 48 மாதக் கணக்கில் சேராது. படிவம் தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுதிப் பெறலாம். அதை எழுதிவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

ஈரக்காற்று:
60 கிரெடிட் பற்றி. தரைப்படை, கடற்படை, மரைன், கடலோரக் காவல் ஆகியவற்றின் பயிற்சி விவரங்கள் ஜேஎஸ்டி என்ற ஒரே பட்டியலில் வரும். விமானப்படைக்கு அதன் சொந்தச் சமுதாயக் கல்லூரியே மதிப்பெண் பட்டியல் தரும். ஜேஎஸ்டியில் இருப்பது ‘இந்தப் பயிற்சிக்கு இத்தனை கிரெடிட் தரலாம்’ என்ற பரிந்துரைதான். ஒரு கல்லூரி ஏற்றுத் தன் பட்டியலில் எழுதினால்தான் அது கிரெடிட். டீசல் எஞ்சின் பராமரிப்புக்கு 12 என்று போட்டிருக்கும். வரலாறு படிக்கப் போகிறவருக்கு அதில் பாதிகூடப் பட்டத்துக்குள் சேராது; விருப்பப் பாடம் என்ற மூலையில் கிடக்கும்.

இதனால்தான் ஐந்து வருடக் கணக்கு இடிக்கிறது. சான்றிதழ் முடிவதற்குள் பட்டம் வாங்கியாக வேண்டும். பட்டத்துக்கு 120. கையில் 60 இருந்தால் மீதி 60, அதாவது 3 கிரெடிட் பாடங்களாக 20. வருடத்துக்கு இரண்டு பருவம், பருவத்துக்கு இரண்டு பாடம், ஐந்து வருடம்: சரியாக 20. மூச்சுவிட இடமில்லை. அந்த 60இல் 45 மட்டும் பட்டத்துக்குச் செல்லும் என்றால் மீதி 25 பாடம். கோடைப் பருவமும் படிக்காமல் முடியாது. வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எந்தக் கல்லூரி எத்தனையை ஏற்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

கணக்குவாத்தி:
பணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய ஜிஐ பில்லில் (படைவீரரின் படிப்புக்கு அரசு தரும் உதவி) 36 மாத உரிமை. வீட்டு வாடகைப் படி கிடைக்க முழுநேரப் படிப்பில் பாதிக்கு *மேல்* படிக்க வேண்டும். 12 கிரெடிட் முழுநேரம் என்றால் ஈரக்காற்று சொன்ன இரண்டு பாடம், 6 கிரெடிட், சரியாகப் பாதி. படி பூஜ்யம். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் கிடைக்கும். ஆனால் முதல் வருட ஆசிரியர் மூன்று பாடம் எடுத்தால் டிசம்பரில் படுத்துவிடுவார். எல்லாப் பாடமும் ஆன்லைன் என்றால் படி தேசிய சராசரியில் பாதிதான். ஒரு பாடத்தையாவது நேரில் போய்ப் படித்தால் உள்ளூர் விகிதம் வரும். என் யோசனை: முதல் வருடம் படியை மறந்து இரண்டு பாடம், இரண்டாம் வருடத்திலிருந்து மூன்று.

சாக்பீஸ்தூள்:
இரண்டு வதந்திகளுக்குப் பதில்.

படைவீரரின் மனைவியும் பட்டம் இல்லாமல் கற்பிக்கலாம் என்று பரவியது தவறு. துணைவருக்கு உள்ளது கட்டணச் சலுகைதான். பட்டம் அவருக்கும் வேண்டும். மற்றொன்று, பட்டாளத்துக்காரர் என்பதால் பள்ளியில் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது. பள்ளியில் ஆயுதம் தாங்கிய காவலரை வைக்கும் கார்டியன் திட்டம் தனி. அதற்கு 144 மணி நேரப் பயிற்சி உண்டு, ஆசிரியர் வேலைக்கும் அதற்கும் முடிச்சு இல்லை. ஜேஆர்ஓடிசி (உயர்நிலை மாணவர்களுக்கான படைப்பயிற்சி) பயிற்றுநர் வேலையும் தனி. அந்தச் சான்று படைப்பிரிவிலிருந்தே வருகிறது.

மூணாம்பீரியட்:
பாடத் தேர்வைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு ஒன்று. முக்கால்வாசிப் பேர் சமூக அறிவியல் 6–12 (6 முதல் 12ஆம் வகுப்புவரை) பக்கம் ஓடுகிறார்கள். போர் வரலாறு தெரியும் என்ற தைரியம். தேர்விலோ பொருளியல், புவியியல், அரசியல் எல்லாம் உண்டு. தேறினாலும் காலியிடம் குறைவு. இடம் காலியாகக் கிடப்பது கணக்கு, அறிவியல், ஆங்கிலம், சிறப்புக் கல்வி. மின்னணுவியல், ரேடார், அணு உலை வேலை பார்த்தவர்களுக்கு நடுநிலைக் கணக்கு 5–9 கைக்கெட்டும் தூரம். கணக்கு 6–12 எடுத்தால் நுண்கணிதம் வரும், கவனம். தொடக்கப்பள்ளித் தேர்வு சுலபம் என்ற எண்ணம் வேண்டாம். அது நான்கு பகுதி, நான்கிலும் தனித்தனியே தேற வேண்டும்.

இதைவிட முக்கியம், யாரும் சொல்லாதது: ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களுக்கான ஈசால் பயிற்சி. 1990இல் நீதிமன்றம் வழி வந்த உடன்பாட்டின்படி, அந்த மாணவர்களுக்கு மொழிப்பாடம் எடுப்பவர் 300 மணி நேரம் முடிக்க வேண்டும். தொடக்கப்பள்ளி வகுப்பாசிரியரும் இதில் அடக்கம். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்றால் 60. உடற்கல்வி, இசை போன்றவற்றுக்கு 18. பட்டப்படிப்பின் 20 பாடத்துக்கு மேல் 300 மணி நேரத்தையும் தோளில் ஏற்றுவதா, 60ஐ ஏற்றுவதா? பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும்.

சாக்பீஸ்தூள்:
300ஐப் பல வருடங்களாகப் பிரித்து முடிக்கலாம், ஒரே வருடத்தில் இல்லை. ஆனால் சுமை சுமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

நிழல்மரம்:
வழிகாட்டி ஆசிரியர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சட்டப்படி குறைந்தது இரண்டு வருடம் வழிகாட்டி உண்டு. அவரிடம் தொழில்முறைச் சான்றிதழ் இருக்க வேண்டும், மூன்று வருட அனுபவம் வேண்டும், முந்தைய வருட மதிப்பீட்டில் ‘திறன் வாய்ந்தவர்’ அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் அழகு. வழிகாட்டிக்கும் புதியவருக்கும் ஒரே ஓய்வு பீரியட் இல்லையென்றால் எல்லாம் வீண். கால அட்டவணை போடுவதற்கு முன்பே முதல்வரிடம் இதைக் கேளுங்கள். ஆகஸ்டில் கேட்டால் கிடைக்காது.

படையில் பயிற்றுநராக இருந்தவர்களுக்கு உண்மையிலேயே கை வந்த வித்தைகள் உண்டு. ‘தவழ், நட, ஓடு’ என்ற படிமுறை வகுப்புக்கு அப்படியே பொருந்தும். செய்து காட்டு, சேர்ந்து செய், தனியாக விடு. பயிற்சி முடிந்ததும் ‘என்ன திட்டமிட்டோம், என்ன நடந்தது, ஏன், அடுத்து என்ன’ என்று பேசும் பழக்கமும் அப்படித்தான். வகுப்பைப் பார்வையிட்ட அன்று மாலை வழிகாட்டி இந்த நான்கு கேள்விகளையே கேட்டால் அவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கல்வியியல் சொற்களைக் கொட்டினால் முகம் இறுகிவிடும்.

உடைவது எங்கே? அங்கே ஒரே திறனை ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், கேட்டவர்கள் சம்பளம் வாங்கும் பெரியவர்கள். இங்கே 50 நிமிடம், எதிரே 22 அல்லது 25 பிள்ளைகள் (மாநில வரம்பு அது: 4 முதல் 8ஆம் வகுப்புவரை முக்கியப் பாடங்களுக்கு 22, உயர்நிலையில் 25), வாசிப்புத் திறனோ நாலைந்து தரம். புதியவர் 35 நிமிடம் பவர்பாயிண்ட் ஓட்டுவார். 12ஆம் நிமிடத்தில் பின்வரிசை கழன்றுவிடும். நான் எழுதிக் கொடுக்கும் பங்கீடு: நுழைந்ததும் செய்யும் வேலை 5, செய்து காட்டல் 10, சேர்ந்து 15, தனியாக 15, வெளியேறும்முன் ஒற்றைக் கேள்விச் சீட்டு 5. முதல் ஒன்பது வாரம் இதை மாற்ற விடுவதில்லை.

ஒழுக்கம் பற்றி வெளியில் இருப்பவர்களின் கற்பனை வேறு. கட்டளைக் குரல் இரண்டு வாரம் வேலை செய்யும். கட்டளைக்குப் பின்னால் அங்கே ஒரு முழு அமைப்பு நின்றது, இங்கே ஒரு புகார்ப் படிவம்தான் நிற்கிறது என்பதை மூன்றாவது வாரம் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு வாய்ப்பேச்சுக்கும் படிவம் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பத் தொடங்குவார். அலுவலகம் படிப்பதை நிறுத்திவிடும், உண்மையான அவசரத்துக்கும் ஆள் வராது. பார்வை, பக்கத்தில் போய் நிற்றல், தனியே ஒரு சொல், அன்று மாலையே வீட்டுக்குப் போன். இந்த நான்கும் செய்த பிறகே படிவம். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி சொல்லிப் போன் செய்திருந்தால், பிறகு வரும் போன் எடுபடும்.

இன்னொன்று சட்டச் சிக்கல். ‘எல்லோருக்கும் ஒரே விதி’ என்பது படையில் நேர்மை. இங்கே சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒரு மாணவருக்குத் தனிக் கல்வித் திட்டம் இருந்தால் கூடுதல் நேரமோ முன்வரிசை இருக்கையோ தந்தே ஆக வேண்டும். சலுகை என்று நினைத்து மறுத்தால் அது கூட்டாட்சிச் சட்ட மீறல். புதியவர் கெட்ட எண்ணத்தில் மறுப்பதில்லை. நியாயமாக நடப்பதாகவே நினைக்கிறார். ஆகவே பள்ளி திறப்பதற்கு முன் சிறப்புக் கல்வி ஆசிரியருடன் உட்கார்ந்து, யாருக்கு என்ன வசதி என்று ஒரே தாளில் எழுதி மேசையில் ஒட்டாமல் கோப்புக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒட்டினால் அந்தரங்க மீறல், அது வேறு வம்பு.

ஈரக்காற்று:
நிழல்மரம் சொன்ன கடைசி விஷயத்தைப் பயிற்சி நாளில் ஒரு ஸ்லைடில் கடந்து போய்விடுகிறார்கள். அரை நாள் தேவைப்படும் சங்கதி.

பனிமூட்டம்:
இங்கிலாந்தில் இதே திட்டம் வேறு விதமாக நடந்தது, ஒப்பிட உதவும் என்று எழுதுகிறேன். பட்டம் இல்லாதவர்களுக்கு 2014இல் தொடங்கிய இரண்டு வருடப் படிப்பு. முன்னின்று நடத்தியது பிரைட்டன் பல்கலைக்கழகம். வாரம் நான்கு நாள் பள்ளி, ஒரு நாள் பல்கலைக்கழகம், கூடவே சம்பளம். பட்டமும் பயிற்சியும் ஒன்றாக முடியும், புளோரிடாவைப் போல வேலைக்குப் பிறகு இரவில் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. பிறகு அதை நிறுத்தி, 2018இல் 40,000 பவுண்டு உதவித்தொகையாக மாற்றினார்கள். பட்டப்படிப்பின் கடைசி இரண்டு வருடத்துக்குத் தலா 20,000. கணக்கு, கணினி, இயற்பியல், வேதியியல், உயிரியல், வெளிநாட்டு மொழிகள் மட்டும். என் பார்வையில் பழைய ஏற்பாடே மேல். பணத்தைவிட அந்த நான்கு நாட்கள்தான் ஆசிரியரை உருவாக்கும்.

ஃபைல்கட்டு:
ஒப்பீடு நல்லது. படைவீரரை ஆசிரியராக்கும் அமெரிக்காவின் கூட்டாட்சித் திட்டம் 1993இல் தொடங்கியது, நிர்வாகம் புளோரிடாவின் பென்சகோலாவிலிருந்துதான். 2020இல் நிறுத்தி, 2021 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து வரும் பணத்தை நம்பிக் குடும்பக் கணக்குப் போட வேண்டாம், வந்தால் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனிச்செய்தியில் ஒருவர் எதை முதலில் செய்வது என்று கேட்டிருந்தார். டிடி-214 ‘மெம்பர்-4’ இன்றே. அதே வாரம் ஜேஎஸ்டியைக் குறைந்தது இரண்டு கல்லூரிகளுக்கு அனுப்புங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பாடத் தேர்வுக்குப் படியுங்கள். சேரப் போகும் மாவட்டத்தில் எந்தப் பாடம் காலி என்று பார்த்த பிறகே தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். நேர்காணலில் சம்பளத்துக்கு முன்பு கேட்க வேண்டியது வழிகாட்டியின் ஓய்வு பீரியட் எது என்பது.