தானாக மறுதொடக்கம் ஆகும் மடிக்கணினி: புதுப்பிப்பு

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் என் பழைய மடிக்கணினி முன்னறிவிப்பின்றி மறுதொடக்கம் ஆகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சூடேறுவதே காரணமாக இருக்கும் என்று பலரும் கூறியிருந்தீர்கள். விசிறியைத் துடைத்து, பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியபின் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனாலும் சிக்கல் தொடர்ந்தது.

கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை வழியே முந்தைய அமர்வின் பதிவைப் பார்த்தபோது, சேவைகள் நிறுத்தப்படும் வழக்கமான வரிகள் எதுவுமின்றி அது பாதியிலேயே அறுந்திருந்ததால், என் சந்தேகம் வன்பொருள் பக்கம் திரும்பியது. (இயங்குதளத்தின் மையப்பகுதியே செயலிழக்கும் கெர்னல் பேனிக் ஏற்பட்டாலும், டெபியனின் இயல்பான அமைப்பில் கணினி உறைந்து நிற்குமே தவிர, தானாக மறுதொடக்கம் ஆகாது.) ரேமை (நினைவகத்தை) சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரல் கொண்டு இரவு முழுவதும் சோதித்ததில் பிழைகள் வந்தன. ரேம்களை ஒவ்வொன்றாக, இரு ஸ்லாட்டுகளிலும் மாற்றி மாற்றிப் பொருத்தியபோது, எந்த ரேமை வைத்தாலும் கீழ் ஸ்லாட்டில் மட்டுமே பிழை தெரிந்தது.

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு, உப்புக்காற்று சன்னல் கம்பியை என்ன பாடுபடுத்தும் என்பது தெரியும். அந்த ஸ்லாட்டின் ஊசிகளிலும் பச்சை படர்ந்திருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் ரேமைப் பொருத்தினேன். மெம்டெஸ்ட் பிழையின்றி முடிந்தது. பெரிய நிரல்களைக் கம்பைல் செய்து கணினிக்கு வேலைப்பளு கொடுத்தும் அது மறுதொடக்கம் ஆகவில்லை.

மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். மீண்டும் பச்சை படர்ந்தால், அந்த ஸ்லாட்டைக் காலியாக விட்டு ஒரே ரேமில் ஓட்டிக்கொள்வதாக உத்தேசம்.