வருஷம் முழுக்க விழான்னா, கடைத்தெருவுக்கு என்ன மிஞ்சும்?

ஜெலுத்தோங்காரன்:
வணக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுன்ல குயின் ஸ்திரீட் பக்கம் பித்தளைச் சாமான், பூஜைப் பொருள் விக்கிறேன். 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு, சுற்றுலாக்காரங்களுக்காக வருஷம் முழுக்க விழான்னு சொன்னதுல இருந்து, பக்கத்துக் கடை லாட்டையும் எடுத்துப் போடுங்கன்னு வீட்டுல ஒரே நச்சரிப்பு. மச்சான் இங்கிலாந்துல லிவர்பூல்ல இருக்காரு. 2008-ல அந்த ஊரு ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர்ங்கிற பட்டத்தோட வருஷம் முழுக்கக் கலைவிழா நடத்தினப்ப, ஒரே வருஷத்துல 753.8 மில்லியன் பவுண்டு வந்துச்சாம், ஊரே மாறிப்போச்சாம். இங்க ஓனர் மூணு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்குறாரு. நம்மள மாதிரி சின்னக் கடைக்கு நெசமாவே காசு வருமா?

பிறைவாசி:
வரும் தம்பி. ஆனா அடுத்த வருஷத்தையும் சேத்துப் பாருங்க. 1989-ல நாட்டுக்கு வந்தவங்க 4.8 மில்லியன். 1990-ல முதல் வருகை ஆண்டு, 7.4 மில்லியன். 1991-ல 5.8-க்கு இறங்கிருச்சு. 2014-லயும் வருகை ஆண்டு, 27.4 மில்லியன்; 2015-ல 25.7. 1994, 2007 வருகை ஆண்டுகளுக்கு அடுத்த வருஷம் மட்டும் இறங்காம ஏறிச்சு. மூணு வருஷ வாடகையில விழா ஒரு வருஷம்தானே?

பேரேடு:
பிறை அண்ணன் கணக்கு சரி. ஆனா 1991 சறுக்கல் முழுக்க விழா முடிஞ்சதால வந்ததுன்னு சொல்ல முடியாது, அது வளைகுடாப் போர் நடந்த வருஷம்.

ஜெலுத்தோங் அண்ணே, நான் லிட்டில் இந்தியாவுல சில கடைகளுக்குக் கணக்கு எழுதுறவ. உங்க மச்சான் சொன்ன தொகை கதை இல்ல. லிவர்பூல்ல இருக்குற ரெண்டு பல்கலைக்கழகம் சேர்ந்து எடுத்த ஆய்வு அது. விழா இல்லாட்டியும் வந்திருக்கக்கூடிய ஆளுங்களைக் கழிச்சுட்டுத்தான் சொல்றாங்க. கூடுதல் வருகை 9.7 மில்லியன், அந்த வருஷ மொத்தத்துல 35 விழுக்காடு. ஆனா வருகைங்கிறது தலைக்கணக்கு இல்ல. ஒரே ஆள் பத்து தடவை வந்தா பத்து. பக்கத்து ஊர்க்காரர் காலையில ரயிலேறி வந்து, செப்டம்பர்ல தெருவுல நடக்கவிட்ட ராட்சத இயந்திரச் சிலந்தியைப் பாத்துட்டு ராத்திரி சோத்துக்கு வீட்டுக்குத் திரும்பினாலும் ஒன்னு. நகர ஓட்டல்கள்ல ஆளுங்க கூடுதலாத் தங்கின இரவு 1.14 மில்லியன்தான். அந்த 753.8-ம் நகரத்துக்கு மட்டும் வந்ததில்ல, சுத்துவட்டாரமும் வடமேற்கு இங்கிலாந்தும் சேர்ந்தது. இன்னொன்னு, அதே 2008-லதான் 'லிவர்பூல் ஒன்'ங்கிற பெரிய கடைவளாகமும் திறந்தாங்க. ஊரு மாறினதுல விழாவுக்கு எவ்வளவு பங்கு, அதுக்கு எவ்வளவுன்னு உங்க மச்சானால பிரிச்சுச் சொல்ல முடியுமா?

நம்ம தெருவுக்கு வருவோம். சுவெட்டன்ஹாம் படகுத்துறையில பயணிக் கப்பல் நிக்கிற நாள்ல ரசீதுகளைப் பாத்தா தெரியும். தண்ணி போத்தல், சமோசா, ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தம். சின்ன நோட்டாத்தான் வந்து விழும். பூக்கடை அக்கா மல்லிகை கட்டுற கையை நின்னு படம் எடுக்குறாங்க, முழம் என்ன விலைன்னு கேக்குறவங்க அபூர்வம். சாயங்காலத்துக்குள்ள கப்பலுக்குத் திரும்பிடுறாங்க. ஓட்டல் அறை, ராத்திரிச் சாப்பாடு, மறுநாள் பசியாற, எல்லாம் கப்பலுக்குள்ளேயே.

மேடை போட்டு ரோட்டை மூடுற நாள் இன்னும் வேடிக்கை. கடை வாசல் அஞ்சடி நடைபாதை முழுக்க ஜனம், பலகாரக்கடையில கூட்டம் அலைமோதும். மொத்த மளிகைக்கடைக்கு லோரி உள்ளேயே வர முடியாது. சுங்கை பட்டாணியில இருந்து கல்யாணச் சாமான் வாங்க வந்த குடும்பம் பார்க்கிங் கிடைக்காமத் திரும்பிப் போயிரும். அந்த நஷ்டத்தை எந்த ஆய்வுக்காரரும் வந்து கேட்டதில்ல. உங்க கடைக்கு உண்மையான வாடிக்கை யாரு? தைப்பூசத்துக்கு முன்னாடி பால்குடச் செம்பைக் கையில தூக்கிப் பாத்து எடை சொல்றாங்களே, அவங்கதான். அவங்க வர்ற வழியை அடைச்சுட்டு நடக்குற விழா உங்களுக்கு லாபமான்னு முதல்ல பாருங்க.

வெளியூர்க்காரங்க காசும் வேணும்னா ஒரு வழி இருக்கு. மலிவு விமானத்துல கைப்பை 7 கிலோதான். அவங்க குத்துவிளக்கைத் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. உள்ளங்கையில அடங்குற காமாட்சி விளக்கு, சின்ன மணி, குங்குமச் சிமிழ், இதுகளை விலைச் சீட்டு ஒட்டி வாசல்ல வைங்க. அதுக்கு ஒரு மேசை போதும், ஒரு லாட் வேணாம்.

விழாவுல நிச்சயமா சம்பாதிக்கிறவரு கட்டட ஓனர்தான். ஜார்ஜ் டவுன்ல வாடகைக் கட்டுப்பாடு போனப்பவும், 2008-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த பிறகும், எத்தனை பழைய கடைங்க இடம் காலி பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியும். எடுத்தே தீரணும்னா 1+1+1-ன்னு கேளுங்க, அதாவது ஒரு வருஷத்துக்கு மட்டும் கையெழுத்து, வேணும்னா நீங்க இன்னும் ரெண்டு தடவை ஒவ்வொரு வருஷமா நீட்டிக்கலாம். ரெண்டாவது, மூணாவது வருஷ வாடகையை இப்பவே எழுதி வாங்கிடுங்க.

பிறைவாசி:
லோரி விஷயம் நூத்துக்கு நூறு. பட்டர்வொர்த்துல என் தம்பி டிரைவர், விழா நாள்னா அந்தத் தெரு டெலிவரியே வேணாம்பான்.

ஜெலுத்தோங்காரன்:
நன்றிம்மா, நன்றி அண்ணே. இப்பதான் ஓனர்கிட்ட பேசினேன். 1+1+1-க்குச் சரிங்கிறாரு. வாடகையை மட்டும் "அந்த நேரம் மார்க்கெட்டைப் பாத்துப் பேசிக்கலாம்"னு சொல்றாரு.

பேரேடு:
அப்ப கையெழுத்துப் போடாதீங்கண்ணே. மேசையை மட்டும் வாங்குங்க.