குளோ: கனலா, ஒளிர்வா?

அனைவருக்கும் வணக்கம்.

'குளோ' (glow) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற நம் குழுவின் கேள்விக்கு இதுவரை கனல்வு, மிளிர்வு, தண்ணொளி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு இது உடனே தேவைப்படுகிறது. இங்கே மும்பையில், செம்பூர்ப் பக்கம் எக்ஸ்ரே மையங்களில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கையேடு ஒன்று எழுதிவருகிறேன். அதில் 'குளோ கர்வ்' வருகிறது. எழுத எழுத ஒன்று உறுதியாகிவிட்டது: ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா இடத்தையும் சமாளிக்க முடியாது.

அந்தப் பிள்ளைகள் ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் மாட்டும் டிஎல்டி பேட்ஜை, அதாவது உடம்பில் பட்ட கதிரின் அளவைப் பதிவுசெய்யும் அட்டையை, எடுத்துக்கொள்வோம். டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. உள்ளே உலோகத் தகட்டில் மூன்று வெள்ளை வில்லைகள். ஒவ்வொன்றும் 13 மி.மீ. அகலம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். டெஃப்லானில் கலந்த கால்சியம் சல்பேட்டும் அதில் துளி டிஸ்ப்ரோசியம் என்ற உலோகமும்தான் சரக்கு. கதிர் படும்போது எலக்ட்ரான்கள் படிகத்தின் குறைகளில் சிக்கிக்கொள்ளும். பிறகு ஆய்வகத்தில் சூடான நைட்ரஜன் வாயுவைப் பாய்ச்சுவார்கள். சிக்கியவை விடுபடும்போது ஒளி வரும். வெப்பநிலை ஏற ஏற அந்த ஒளி எப்படிக் கூடிக் குறைகிறது என்று காட்டும் படம்தான் குளோ கர்வ். இந்தப் பொருளில் பெரிய முகடு ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில் வரும்.

சூடாக்குகிறோம், ஒளி வருகிறது, அப்படியானால் கனல்வுதானே என்று சேலத்து ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் திடப்பொருள் எதுவும் வெறும் சூட்டால் கண்ணுக்குத் தெரியும்படி சிவக்க ஏறத்தாழ 525 டிகிரி வேண்டும். அறிவியலாளர் ஜான் வில்லியம் டிரேப்பர் 1847-இலேயே காட்டியது இது. நன்றாகக் காய்ந்த தோசைக்கல் இருட்டில் தெரிவதில்லையே. இன்னொன்றும் உண்டு. இரும்பை எத்தனை முறை காய்ச்சினாலும் அத்தனை முறையும் கனலும். வில்லையோ ஒருமுறை தன் கணக்கைக் கொட்டிவிட்டால், மறுபடி கதிர் படும்வரை சூடாக்கிப் பயனில்லை. வேலை செய்பவர் வாங்கிய கதிரின் அளவை அந்த ஒளியிலிருந்து கணக்கிட முடிவதே இதனால்தான். குளோ கர்வை 'கனல்வு வளைவரை' என்று எழுதினால், ஒளி சூட்டிலிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்வான். வெப்பம் சாவி மட்டுமே. ஒளியின் கணக்கு கதிரிடம் இருக்கிறது.

தண்ணொளி கேட்க எவ்வளவு இனிமையான சொல்! இந்த நிகழ்வின் வரலாற்றுக்கும் அது ஓரளவு பொருந்தும். 1663-இல் அறிவியலாளர் ராபர்ட் பாயில் ஒரு வைரத்தைப் படுக்கைக்கு எடுத்துப்போய், உடம்பின் கதகதப்பிலேயே மங்கலாக ஒளிரவைத்தார். அவ்வளவு சிறிய சூட்டில் நடந்தது. ஆனால் சூடான நைட்ரஜனைப் பற்றிச் சொல்லும் பத்தியில் 'தண்' என்று வந்தால் படிப்பவர் தடுமாறுவார். அந்தச் சொல் நிலாவோடேயே இருக்கட்டும். மிளிர்வு வேண்டாம், நகையும் கண்ணும் மிளிர்வது பெரும்பாலும் பட்டுத் திரும்பும் ஒளியால்.

ஆகவே சூட்டினாலேயே வரும் ஒளிக்குக் கனல், மற்றதற்கெல்லாம் ஒளிர்வு. நீறு பூத்த நெருப்பு, தணல், கங்கு என்று தீக்கொழுந்து இல்லாத நெருப்புக்கு நம்மிடம் எவ்வளவு சொற்கள்! டீசல் எஞ்சினில் சூடேறிச் சிவக்கும் குளோ பிளக்கும் இந்தக் குடும்பம்தான். அதைக் கனல்செருகி என்று தயங்காமல் சொல்லலாம். டியூப்லைட் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கண்ணாடிக் குமிழில் வாயு மினுங்குவது வேறு வகை. 'குளோ டிஸ்சார்ஜ்' என்பார்கள், அது ஒளிர் மின்னிறக்கம். ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்வது வான் ஒளிர்வு. சூரியன் மறைந்த பின் மேற்கே நிற்கும் சிவப்புக்குச் செக்கர் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஒளிர்வு ஏற்கெனவே லூமினசென்ஸுக்கு, அதாவது வெறும் சூட்டால் அல்லாமல் வரும் ஒளிக்கு, வழங்குகிறதே, குழப்பம் வராதா என்று டெல்லி அம்மையார் கேட்டிருந்தார். இங்கே குளோ என்பதே லூமினசென்ஸ்தான் அம்மா, மோதல் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த பழங்காலக் கற்கருவி அடுக்குகளுக்கு 3,85,000 ஆண்டு வரை வயது சொன்ன 2018 ஆய்வும் மண்ணின் கனிமத் துகள்களில் இதே போலச் சிக்கிய எலக்ட்ரான்களை நம்பியதுதான். அங்கே அவற்றை விடுவித்தது சூடு அல்ல, அகச்சிவப்புக் கதிர். அதை ஒளிர்வுக் காலக்கணிப்பு என்போம். கனல்வு என்று சொல்ல வழியே இல்லை.

கையேட்டில் 'ஒளிர்வு வளைவரை', 'ஒளிர்வு முகடு' என்று எழுதப்போகிறேன். உச்சம் என்றால் ஒன்றுதான் இருக்க முடியும். இந்தப் படத்தில் குறைந்த வெப்பநிலையிலும் ஒரு சிறு முகடு உண்டு. அந்தச் சிறு முகட்டில்தான் அடுத்த சிக்கல். அறை வெப்பத்திலேயே அதன் எலக்ட்ரான்கள் மெல்ல மெல்ல விடுபட்டுப் போய்விடும். 'ஃபேடிங்' என்பார்கள். 'மங்கல்' என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. அளக்க வேண்டிய ஒளி இன்னும் வரவே இல்லை, சேமிப்புதான் குறைகிறது. 'கசிவு' என்றால் கதிர்வீச்சுக் கசிவு என்று பயந்துவிடுவார்களோ? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.