மறு: ‘தரநிலை சார்ந்த பாட அலகு’: வேறு சொல் பார்ப்போமா?

குழுவினருக்கு வணக்கம். ஆசிரியர் கையேட்டில் ‘ஸ்டாண்டர்ட்ஸ் அலைன்டு யூனிட்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற நம் பேச்சுக்கு இது என் பதில். உங்கள் கருத்துகளை மேற்கோளாகக் காட்டி, கீழே பதில் எழுதுகிறேன்.

> ‘தரநிலை சார்ந்த பாட அலகு’ என்றே வைத்துக்கொண்டு மேலே போகலாமே. எல்லாருக்கும் புரிகிறது.

புரிகிறது அக்கா. ஆனால் அதைப் படித்துவிட்டு ஓர் ஆசிரியர் என்ன செய்வார்? தாளின் கடைசிக் கட்டத்தில் ஒரு திறன் எண்ணை எழுதுவார். அத்தோடு அலகு ‘சார்ந்து’விடும். 2023இல் வந்த பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், கலைத்திட்ட இலக்கு, அதன் கீழ்த் திறன், அதற்கும் கீழே கற்றல் விளைவு என்று அடுக்கிக் காட்டுகிறது. இங்கே தில்லியில் என் கைக்கு வந்த அலகுத் திட்டங்கள் பலவற்றில், பாடத்தை வழக்கம்போல எழுதி முடித்த பிறகு அந்த அடுக்கிலிருந்து ஓர் எண்ணைத் தேடி ஒட்டியிருக்கிறார்கள். நாம் வைக்கும் சொல் இந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. என் வாதம் முழுவதும் இவ்வளவுதான்.

ஓர் அலகைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பதினொன்றாம் வகுப்புப் பொருளியலில் குறியீட்டெண்கள், அதாவது ஓர் அடிப்படைக் காலத்தோடு ஒப்பிட்டு விலை எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்கள். நான் பார்த்த ஒரு திட்டத்தில் ‘தரவுகளைப் பகுத்தாய்ந்து முடிவுக்கு வருதல்’ என்று இலக்கு எழுதியிருந்தது. வகுப்பில் நடந்ததோ வரையறை சொல்வது, அந்த எண்ணைக் கணக்கிடும் லாஸ்பியர் சூத்திரத்தைப் பலகையில் எழுதுவது, புத்தகத்துக் கணக்குகளைப் போடுவது. தேர்வில் கேட்டது: ‘குறியீட்டெண் என்றால் என்ன? சூத்திரத்தை எழுதுக.’ பகுத்தாய்வுக்கு எங்கேயும் இடமே இல்லை. ஆனால் தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

அதே அலகை நாங்கள் சிலர் சேர்ந்து பின்னாலிருந்து எழுதினோம். முதலில் கடைசி வேலையை முடிவு செய்தோம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு மாதச் சாமான் பட்டியலை எடுத்து, செப்டம்பர் விலையை அடிப்படையாக வைத்து ஜனவரிக்குக் குறியீட்டெண் போட வேண்டும். அதை அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டு, ஏன் வேறுபடுகிறது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் உணவுக்கும் பானங்களுக்கும் சேர்த்து 45.86 சதவீத நிறை, அதாவது மொத்தச் செலவில் அவற்றுக்குக் கொடுத்த பங்கு. தன் வீட்டில் அந்தப் பங்கு எவ்வளவு என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதைப் பார்த்துத்தான் பாடவேளைகளைப் பிரித்தோம்.

ஒரு மாணவி எழுதிய பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘முருங்கைக்காய் விலை ஏறியதும் அம்மா அதை விட்டுவிட்டு முள்ளங்கி வாங்குகிறார். சூத்திரமோ செப்டம்பரில் வாங்கிய அளவு முருங்கைக்காயை நாங்கள் இன்னும் வாங்குவதாக வைத்துக்கொள்கிறது. அப்படியானால் எங்கள் செலவு இந்த எண் காட்டும் அளவுக்கு ஏறவில்லை.’ லாஸ்பியர் முறைக்குப் பொருளியலார் சொல்லும் குறையே இதுதான். அடிப்படைக் காலத்து அளவுகளையே நிறையாகக் கொள்வதால் விலையேற்றத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். பட்டப்படிப்பில் சொல்லித்தரும் விஷயம். அந்தப் பிள்ளை தன் வீட்டு அடுக்களையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். அலகு ஒழுங்காக அமைந்தால் இது நடக்கும் என்பதால்தான் ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

ஆக இலக்கு, மதிப்பீடு, வகுப்பில் நடப்பது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதுதான் ‘அலைன்மென்ட்’. 1996இல் கல்வியாளர் ஜான் பிக்ஸ் உயர்கல்விக் கற்பித்தல் பற்றி எழுதியபோது இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பேசினார். 1998இல் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் முன்வைத்த பின்னோக்கிய வடிவமைப்பு, பாடத்துக்கு முன்பே மதிப்பீட்டை எழுதிவிடச் சொல்கிறது. ‘சார்ந்த’ என்ற சொல் இலக்கையும் பாடத்தையும் மட்டும் தொடுகிறது. மதிப்பீடு வெளியே நின்றுவிடுகிறது.

> நூல் பிடித்தாற்போல் என்கிறோமே, ‘நூலிசைவு’ எப்படி?

ஐயா, கொத்தனார் நூல் பிடித்துச் செங்கல் அடுக்குவது கண்முன் வருகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் நூல் என்றால் புத்தகம். ‘நூலிசைந்த அலகு’ என்று எழுதினால் பாடப்புத்தகத்தை ஒட்டிய அலகு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். ‘சீரமைவு’ பழுதுபார்ப்பது போல இருக்கிறது. ‘ஒத்திசைவு’ நல்ல சொல், ஆனால் சமூக நல்லிணக்கம் முதல் இசை வரை எல்லாவற்றுக்கும் போட்டுப் போட்டு அதன் கூர் போய்விட்டது.

‘இயைபு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஆசிரியர் அறையில் சொல்லிப் பாருங்கள். ‘இந்த வினாத்தாள் இலக்கோடு இயையவில்லை.’ ‘இரண்டாவது வாரப் பாடத்தை இயைவியுங்கள்.’ ‘இயையாத செயல்பாட்டை எடுத்துவிடலாம்.’ பெயராக, வினையாக, எதிர்மறையாக எப்படி வேண்டுமானாலும் வளைகிறது. இயைபுத் தொடை இருக்கிறதே, குழம்பாதா என்று தமிழாசிரியர்கள் கேட்கலாம். அடிகளின் கடைசி ஒன்றிவருவது அது. இங்கேயும் அலகின் கடைசியில் வரும் மதிப்பீடு இலக்கோடு ஒன்றவேண்டும். எனவே நினைவில் நிற்க அது துணைதான் செய்யும்.

அடுத்து ‘ஸ்டாண்டர்டு’. இதைக் கடன்சொல்லாக அப்படியே வைக்க முடியாது. பேச்சுத் தமிழில் எட்டாம் ஸ்டாண்டர்டு என்றால் எட்டாம் வகுப்பு. ‘தரம்’ இலங்கையில் அதே சிக்கலில் மாட்டுகிறது, அங்கே தரம் 8 என்பதே வகுப்பு. ‘தரநிலை’ என்றால் இங்கே பாதிப் பேருக்குத் தரவரிசைதான் நினைவுக்கு வரும். ‘அடைவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அடைவுத் தேர்வு, அடைவு ஆய்வு என்று ஆசிரியர்கள் ஏற்கனவே புழங்கும் சொல்.

> எங்கள் பக்கம் அடைவு என்றால் நகையை அடகு வைப்பது. பெற்றோருக்குக் கொடுக்கும் தாளில் போட்டால் சங்கடம்.

அண்ணா, இதை நீங்கள் சொல்லியிராவிட்டால் யாருக்கும் தோன்றியிருக்காது. ஆனால் நீங்களே கல்வித் தாள்களில் ‘அடைவு மட்டம்’ என்று எழுதுகிறீர்கள் அல்லவா? தனியாக நிற்கவிடாமல் ‘அடைவு இலக்கு’ என்று சேர்த்தே எழுதலாம். ஒன்று மட்டும்: புணர்த்தி ‘அடைவிலக்கு’ என்று எழுதிவிடக் கூடாது. படிப்பவர் கண்ணில் ‘விலக்கு’தான் விழும்.

‘யூனிட்’டுக்கு அலகு போதும். தமிழ்ப் பாடநூல்களில் இயல் என்று இருப்பது புத்தகத்தின் பிரிவு, அதை இதோடு கலக்க வேண்டாம்.

கடைசியாக ‘காலேஜ் ரெடினஸ்’, அதாவது கல்லூரிப் படிப்புக்குப் பிள்ளை தயாராக இருப்பது. இதற்குக் ‘கல்லூரித் தகுதி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தகுதி என்பது மதிப்பெண்ணால் வரும் அனுமதி. தில்லிப் பெற்றோருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்வது எவ்வளவு பாடு என்று இங்கே வகுப்பெடுப்பவர்களுக்குத் தெரியும். 2021இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சில பாடப்பிரிவுகளுக்கு 100 சதவீதம் கட்ஆஃப் வந்தது. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்ததும் கவலை பயிற்சி மையங்களின் பக்கம் திரும்பிவிட்டது. இரண்டிலும் பிள்ளை உள்ளே நுழைவதைப் பற்றித்தான் பேச்சு. நுழைந்த பிறகு நீண்ட கட்டுரையைத் தானே படித்து, ஆதாரத்தோடு எதிர்வாதம் எழுத முடியுமா என்பதை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் 2010இல் வந்த, பள்ளிப் பிள்ளைகள் அடையவேண்டிய திறன்களைப் பட்டியலிடும் ‘காமன் கோர்’, கூற்றுக்குச் சான்று காட்டி வாதிடுவதையும், சிறிதும் பெரிதுமாக ஆய்வு செய்வதையும் எழுத்துத் திறன்களில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. அந்தத் தாளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திறன்களுக்கு நம் பிள்ளைகளும் உரியவர்கள். எனவே ‘உயர்கல்வி ஆயத்தம்’. கல்லூரி என்று குறுக்காமல் உயர்கல்வி என்றால் பாலிடெக்னிக் போகும் பிள்ளைக்கும் இடம் கிடைக்கும்.

கையேட்டுக்கு என் முன்மொழிவு: முழுச் சொல் ‘அடைவு இலக்கு இயைந்த பாட அலகு’. ஒருமுறை விளக்கிய பிறகு ‘இயைந்த அலகு’ போதும். விளக்கத்தில், ‘இலக்கு, மதிப்பீடு, கற்றல் செயல்பாடு மூன்றும் ஒன்றோடொன்று இயைய அமைத்த அலகு, மதிப்பீட்டை முதலில் எழுதவும்’ என்று இருக்கட்டும். அந்தக் கடைசி வாக்கியம் அகராதி முறைக்கு ஒவ்வாது என்று சிலர் சொல்லக்கூடும். ஆசிரியர் கையில் இருக்கப்போகும் புத்தகம், அதனால் அது வேண்டும்.

மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். அதை வைத்து வினையாகவும் எதிர்மறையாகவும் ஒவ்வொரு வாக்கியம் எழுதிக் காட்டினால் ஒப்பிட வசதியாக இருக்கும். ‘ரூப்ரிக்’ (மதிப்பீட்டு அளவுகோல் அட்டவணை) பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அதை இதில் கலக்க வேண்டாம்.