ஒரு வீல் மட்டும் நெருப்பாகச் சுடுகிறது, அவசரம்

மதி (ஈசூன்):
வணக்கம். சிங்கப்பூர் வந்து ஐந்து மாதம். பழைய கார் ஒன்று வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. நேற்று இரவு பிஐஇ விரைவுச்சாலையில் வரும்போதே கருகிய வாடை. வீட்டுக்குக் கீழே நிறுத்தி இறங்கினால் ஒரு வீலில் லேசாகப் புகை. பட்டறை ஒன்றுக்கு போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலேயே, பிரேக்கில் பிடித்து நிறுத்துகிற பாகமான “காலிப்பர் போச்சு, ரெண்டு பக்கமும் மாத்தணும்” என்கிறார்கள். மனைவிக்கு ஏழாம் மாதம், வியாழக்கிழமை செக்கப். கையிலும் பணம் இல்லை. என்ன செய்வது?

செங்காங் சித்தப்பா:
தம்பி, வந்த உடனே கார் எதற்கு? நான் 2008-ல் வந்தபோது ஒரே அறையில் ஆறு பேர். முதல் மூன்று மாதம் எம்ஆர்டி ரயில் காசை மிச்சம் பிடிக்க ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடப்பேன். அது இருக்கட்டும், லைசென்ஸ் மாற்றிவிட்டாயா? ஊர் லைசென்ஸ் 12 மாதத்துக்குத்தான். அதற்குள் பிடிடி என்கிற அடிப்படைச் சாலை விதித் தேர்வை எழுதிவிடு.

வாணி (தெம்பனிஸ்):
சித்தப்பா, அவர் கேட்டது பிரேக்கைப் பற்றி. மதி, எங்கள் காருக்கும் இதேதான் நடந்தது. காலிப்பர் நன்றாகவே இருந்தது, அது நகர்கிற இரண்டு கம்பிப் பின்களும்தான் காய்ந்து இறுகியிருந்தன. கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டார்கள், சரியாகிவிட்டது. எதையும் மாற்றாதீர்கள்.

துவாஸ் நைட் ஷிப்ட்:
கிரீஸ் போட்டு ஓட்டுவதெல்லாம் நாலு நாளைக்கு. பிரேக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், புதுசே போடுங்கள். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் போனால் பாதிச் செலவில் முடியும்.

வாணி (தெம்பனிஸ்):
புகை வருகிற காரை பாலத்து நெரிசலில் ஓட்டச் சொல்கிறீர்களா? எல்லை தாண்ட முக்கால் டாங்க் பெட்ரோல் வேறு நிரப்ப வேண்டும்.

துவாஸ் நைட் ஷிப்ட்:
வேறு என்ன செய்வது? கார் வைத்துக்கொள்ள வாங்கும் பத்து வருஷ சிஓஇ சான்றிதழுக்குக் கொட்டிக்கொடுத்த பிறகு ரிப்பேருக்கு யாரிடம் காசு இருக்கிறது? 2023 அக்டோபரில் சின்ன காருக்கே 106,000 வெள்ளி (டாலர்) போனது. வாடகையும் ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் வீட்டுக்காரர் இந்த வருஷமும் ஏற்றிவிட்டார்.

செங்காங் சித்தப்பா:
வாடகையைச் சொல்லாதே, எனக்கு வயிறு எரிகிறது.

பழைய மெக்கானிக் (சின் மிங்):
கொஞ்சம் பொறுங்கள், தம்பி காரோடு நிற்கிறார். மதி, எந்த வீல் என்றே நீங்கள் சொல்லவில்லை. முன்னாலா பின்னாலா? ஓட்டும்போது எந்தப் பக்கம் இழுக்கிறது? இன்று காலை வண்டியைத் தள்ளிப் பார்த்தீர்களா? சூட்டோடு தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வீலோடு சுற்றுகிற இரும்புத் தட்டு (டிஸ்க்) கோணிக்கொள்ளும்.

மதி (ஈசூன்):
மன்னிக்கவும் அண்ணே, பதற்றத்தில் விட்டுவிட்டேன். முன் இடது. ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கும். காலையில் நியூட்ரலில் தள்ளினால் சுலபமாக நகர்கிறது. ஓட்டி இருபது நிமிஷம் ஆனால்தான் இறுகும். கார் ஒன்பது வருஷம் பழசு.

பழைய மெக்கானிக் (சின் மிங்):
இதைத்தான் கேட்க நினைத்தேன். ஆறினால் விடுகிறது, ஓடினால் பிடிக்கிறது என்றால் காலிப்பரைக் குறை சொல்வதற்கு முன் பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாயை (ஹோஸ்) பாருங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கியிருக்கும். பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தோடு போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் கட்டையான பேட் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பட்டறையில் ஒரே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். வீல் இறுகியிருக்கும்போதே ஜாக்கியில் தூக்கி, காலிப்பரில் ஏர் எடுக்கிற (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற) ஸ்க்ரூவைக் கால் சுற்று திறக்க வேண்டும். ஆயில் சர்ரென்று பீறிட்டு வீல் சுற்ற ஆரம்பித்தால், அழுத்தம் உள்ளே மாட்டியிருந்தது என்று அர்த்தம். ஒரே வீலில் மட்டும் அப்படி என்றால் பெரும்பாலும் ஹோஸ்தான். முன்னால் இரண்டு வீலும் பிடித்தால் பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் சந்தேகப்பட வேண்டும். திறந்தும் வீல் சுற்றவில்லை என்றால் காலிப்பருக்குள் பேடைத் தள்ளுகிற பிஸ்டனோ, வாணி சொன்ன கம்பிப் பின்னோ இறுகியிருக்கிறது. பேடைக் கழற்றினால் அதுவும் பிடிபடும்: உள்பக்கத்துப் பேட் மட்டும் மெலிந்திருந்தால் கம்பிப் பின் இறுகியிருக்கலாம். கம்பிப் பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ்தான் போட வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊற வைத்துவிடும்.

வீவக (அரசு அடுக்குமாடி) கார் நிறுத்துமிடத்தில் நீங்களே கழற்றாதீர்கள், அங்கே ரிப்பேர் பார்க்க அனுமதி இல்லை. ஓட்டியும் போகாதீர்கள். ஆயில் கொதித்தால் பெடல் தரைக்கு இறங்கிவிடும். காரை இழுத்துப் போகிற டோ வண்டிக்குச் செலவு செய்யுங்கள். இன்னொரு நாள் விரைவுச்சாலையில் இப்படி ஆனால் ஓரம் கட்டிக் கூப்பிடுங்கள், எல்டிஏ-வின் (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஈமாஸ் மீட்பு வண்டி பக்கத்து கார் நிறுத்துமிடம் வரை காசு வாங்காமல் இழுத்துவிடும்.

மதி (ஈசூன்):
புதன் இரவு எழுதுகிறேன். டோ வண்டியில் இன்னொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு சுற்று ஓட்டி இறுக வைத்து, என் கண்ணெதிரே ஸ்க்ரூவைத் திறந்தார்கள். கறுத்த ஆயில் பீறிட்டது, ஒரு விரலால் தள்ளியதும் வீல் சுற்றியது. ஹோஸ்தான். காலிப்பரில் பிஸ்டன் ரப்பர் கிழியவில்லை, அதைத் தொடவில்லை. பேட் மட்டும் கருகிப் பளபளவென்று ஆகியிருந்ததால் மாற்றினோம்.

பழைய மெக்கானிக் (சின் மிங்):
முன்னால் இரண்டு ஹோஸும் மாற்றினார்களா? ஒரே வயசு ரப்பர், வலது பக்கமும் வெகுநாள் தாங்காது. கறுத்த ஆயில் என்றால் நாலு வீலிலும் புது ஆயில் வரும்வரை ஏர் எடுக்கச் சொல்லுங்கள். நாளை இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு இரண்டு முன் வீல் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். சூடு ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மதி (ஈசூன்):
ஒரு பக்கம்தான் மாற்றினார்கள் அண்ணே. வெள்ளிக்கிழமை மறுபடி போய் இன்னொன்றும் போட்டு, ஆயிலும் மாற்றிவிடுகிறேன்.

செங்காங் சித்தப்பா:
அதுவரை அந்தக் காரில் மருமகளை ஏற்றாதே. நாளைக்கு எனக்கு லீவு. புளோக் நம்பரைத் தனியாக அனுப்பு, எட்டரைக்குக் கீழே வந்து நிற்கிறேன்.